மான் விழாத நாள்

1

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. சாந்தோமில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைக் கடைச் சீட்டும் மகளுக்குக் கடிதமும்தான். இப்போது மறதி வேறு. ஒரு வரி முடிவதற்குள் எதற்கு ஆரம்பித்தேன் என்று மேலே திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தெருவும் வருஷமும் முன்பின்னாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் இருப்பது நியூசிலாந்தில், வெலிங்டன் ஊரில். மகள் ஃபிலோமினா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். பேத்தி ஸ்டெஃபிக்குப் பதினைந்து வயது. அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது அவளைப் பார்த்துக்கொள்ள வந்தவள், பன்னிரண்டு வருஷமாகிவிட்டது. இந்த ஊரில் காற்று அதிகம். துணி காயப்போட்டால் பக்கத்து வீட்டு வேலியில் போய்த்தான் எடுக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் எடுத்து மடித்தே வைத்திருப்பார். நல்ல மனிதர்கள்.

போன செவ்வாய்க்கிழமை இங்கே நூலகத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். நான் எழுதிய குழந்தைகள் புத்தகம் வந்து ஒரு வருஷமாம். எழுதியது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கையால் ஆடிக் காட்டிச் சொன்ன கதை அது. ஒரு மான் தண்ணீர் குடிக்கிறது. வேடன் பின்னால் நின்று அம்பைத் தொடுக்கிறான். மான் திரும்பி அவனைப் பார்க்கிறது. அவன் வில்லைக் கீழே வைத்துவிட்டுப் புல் பறித்து நீட்டுகிறான். அவ்வளவுதான் கதை.

கேக் தின்ற வாயோடு ஒரு சின்னப் பெண் கேட்டாள், முன்பல் இரண்டும் விழுந்த பெண். "வேடன் அம்பு விடவே இல்லையா? இல்லை, விட்டுக் குறி தப்பிப்போச்சா?" ஸ்டெஃபி எனக்குத் தமிழில் சொன்னாள். நான் அந்தக் குழந்தையின் கன்னத்தைத் துடைத்துவிட்டேன்.

எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியும் என்று நினைத்தே ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னதற்கு அவள், "இங்க யாரைம்மா கேப்ப? நம்ம ஊர் பத்திரிகைக்கு எழுது. அங்கதான் அந்த நாட்டியத்தைப் பார்த்தவங்க யாராவது இருப்பாங்க" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

2

என் அப்பா அந்தோணி சாந்தோம் சர்ச்சில் கோயில்பிள்ளை. பூசைக்கு மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பீடத்தைத் துடைப்பது அவர் வேலை. பங்கில் கிறிஸ்துமஸ் நாடகம் போடுவார்கள். எனக்கு ஆள் முன்னால் பேச வராது என்பதால் ஆட்டுக்குட்டியாக விட்டுவிட்டார்கள். அன்றைக்கு நாடகம் பார்க்க மயிலாப்பூரிலிருந்து ஒரு நாட்டிய டீச்சர் வந்திருந்தார். முடிந்ததும் அவர் அப்பாவிடம் வந்து, "அந்த ஆட்டுக்குட்டி யாராத்துப் பொண்ணு? என்னமா முட்டியை மடக்கறா! எங்காத்துக்கு அனுப்புங்கோ, நான் சொல்லித் தரேன்" என்றார். அப்பா யோசித்தார். பங்குச் சாமியார் போகச் சொன்னார். போனேன்.

டீச்சர் நாட்டிய நாடகங்கள் நடத்துவார். அதில் ராணியும் தோழிகளும் வேறு பெண்கள். மான், மயில், பாம்பு எல்லாம் நான். முகத்தில் பாதிக்கு வண்ணமும் தலையில் கொம்பும் இருந்தால் கூச்சம் எங்கே போகுமோ தெரியாது. பத்து வருஷம் மிருகமாக இருந்தேன். அந்தப் பத்து வருஷத்துக்கு நான் டீச்சருக்குக் கடன்பட்டவள். என் கழுத்துச் சிலுவையைக் கழற்றச் சொல்லாமல், அது ஆடாதபடி ரவிக்கையோடு பின் குத்திவிட்டவர் அவர்.

கஸ்தூரி எனக்குத் துணை. சாந்தோம் கடற்கரைக் குப்பத்துப் பெண். நல்ல உயரம், அதனால் ராஜா, வேடன், அசுரன் எல்லாம் அவள்தான். இரண்டு பேரும் தினமும் கச்சேரி ரோடு வழியாக நடந்தே மயிலாப்பூர் போவோம். நான் தலை குனிந்துதான் நடப்பேன். அவள் விடமாட்டாள். "ஏ மானு, தலைய தூக்கி நட. பஸ்காரன் மாடுன்னு நெனச்சிக்கப் போறான்" என்று ரோடெல்லாம் கேட்கச் சொல்வாள்.

இப்போது அந்த வேடன் காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடையில் அம்பு கிடையாது. வில் மட்டும் உண்டு. வேடன் இடது கையில் வில்லைப் பிடித்து, வலது கை விரல்களைச் சேர்த்துக் காதுவரைக்கும் இழுத்து நிற்பாள். டீச்சர் ஓரத்தில் உட்கார்ந்து தாளம் தட்டுவார். மூன்றாவது தட்டில் வேடன் விரல் திறக்கும். அதுதான் அம்பு. நான் குளத்துப் பக்கம் முகம் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பேன், கஸ்தூரி எனக்குப் பின்னால். அவள் கை எனக்குத் தெரியாது. தாளத்தைக் கேட்டுத்தான் நான் விழ வேண்டும். இரண்டு அடி, ஒரு சுற்று, விழுவது. பிறகு டீச்சரிடம் நன்றாக ஆடும் பெண் ஒருத்தி குட்டி மானாக வந்து அம்மாவைப் பார்த்து அழுவாள். அந்த அழுகைதான் நாடகத்துக்கே உயிர். அதைப் பார்க்கத்தான் எல்லாரும் வருவார்கள்.

எங்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயது இருக்கும். ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சி. மயிலாப்பூர் என்று என் நினைவு. முன்வரிசையில் நிறையக் குழந்தைகள். நான் தண்ணீர் குடிக்கிறேன். முதல் தட்டு. இரண்டாவது தட்டு. அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குழந்தை எழுந்து, மண்டபமே அதிரும்படி, "மானே, பின்னாடி பாரு!" என்று கத்தியது.

மூன்றாவது தட்டு கேட்டது. நான் விழவில்லை. அந்தக் குழந்தை சொன்னபடி திரும்பிப் பார்த்துவிட்டேன்.

பார்த்தால் கஸ்தூரி குனிந்து வில்லைக் கீழே வைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே முட்டிபோட்டு உட்கார்ந்து, இல்லாத புல்லைப் பறித்து என் பக்கம் நீட்டினாள். என் கால் தானாக அவளிடம் போனது. தின்றேன். டீச்சர் தாளத்தை நிறுத்தவில்லை. குழந்தைகள் கைதட்டினார்கள், பெரியவர்களும் தட்டினார்கள். மான் சாகவில்லை, அதனால் குட்டி மான் அழ வழியில்லை. அந்தப் பெண் கால் சலங்கையோடு ஓரத்தில் நின்றபடியே திரை விழுந்தது.

உள்ளே வந்ததும் டீச்சர் முகம் சிவந்திருந்தது. குட்டி மான் பெண்ணின் அம்மா வேறு பக்கத்தில் நின்று அழுகிறார். "யாருடி கலைச்சது? ரெண்டு பேர்ல யாரு? வாயைத் திறந்து சொல்லுங்கோ!"

நான் கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.  கஸ்தூரி என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"நான்தான் டீச்சர். அம்ப வுடவே இல்ல."

"நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்" என்றார் டீச்சர்.

கஸ்தூரி மீசையை அழிக்காமலே போனாள். நான் அதற்குப் பிறகும் ஏழு வருஷம் ஆடினேன். விழாமல் போனது நான்தான் என்று டீச்சரிடம் கடைசிவரை சொல்லவில்லை. கஸ்தூரியை அந்த வாரமே அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த ஊர் என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

3

கல்யாணத்துக்குப் பிறகு சாந்தோமிலேயே ஒரு சின்னக் குழந்தைகள் பள்ளியில் ஆயா வேலை பார்த்தேன். மதியம் குழந்தைகளைத் தூங்கவைக்கக் கதை சொல்லுவேன். பெரியவர்கள் வந்தால் நிறுத்திவிடுவேன். குழந்தைகளிடம் எனக்கு என்றைக்கும் கூச்சம் வந்ததில்லை. நான் சொன்ன கதையெல்லாம் மிருகக் கதைதான், வாய் பாதி, கை பாதி.

வெலிங்டன் வந்த புதிதில் பாஷை இல்லை. பஸ்ஸில் இறங்கும்போது எல்லாரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவார்கள். அதை மட்டும் முதல் வாரமே கற்றுக்கொண்டேன். ஏறும்போதும் சொல்லிவிடுவேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டதால் ஆஸ்பத்திரி, நூலகம், வங்கி எல்லா இடத்திலும் என்னை "மிஸ்ஸஸ் அந்தோணி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பா இறந்து நாற்பது வருஷமாகிறது. கூப்பிடும் ஒவ்வொரு தரமும் அவர் ஞாபகம் வருகிறது. மாற்றச் சொல்லி மூன்று படிவம் நிரப்பினோம், பிறகு நானே வேண்டாம் என்றேன்.

நூலகத்தில் செவ்வாய்தோறும் குழந்தைகளுக்குக் கதை படிப்பார்கள். ஸ்டெஃபியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவேன். ஒரு நாள் பாம்புக் கதை. அந்த அம்மா படிக்கப் படிக்க, ஸ்டெஃபிக்குப் புரியட்டும் என்று என் கை தானாகப் படமெடுத்தது. பக்கத்துக் குழந்தைகள் புத்தகத்தை விட்டு என் கையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த அம்மா கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டு என்னை முன்னால் வரச் சொன்னார். நான் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டேன். ஸ்டெஃபி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு மான் கதையை ஆடினேன். எப்படி முடிந்ததோ அப்படியே. அடுத்த வாரமும் வரச் சொன்னார்கள். இன்றுவரை போகிறேன்.

4

ஒரு நாள் பதிப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்து உட்கார்ந்து கேட்டார். இதைப் புத்தகமாகப் போடலாம், நீங்கள் தமிழில் சொல்லுங்கள், உங்கள் பேத்தி மொழிபெயர்க்கட்டும் என்றார்.

அப்போது ஸ்டெஃபிக்குப் பதின்மூன்று. மடியில் உட்கார்ந்த பிள்ளை கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்திருந்த காலம். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். என்னை நானா என்று கூப்பிடுவாள், இங்கே பாட்டியை அப்படித்தான் சொல்கிறார்கள். சென்னையில் என் அண்ணன் மகள் செல்வி அதைக் கேட்டுவிட்டு, "ஐயோ அத்தை, நானான்னா சாயபு வீட்டுல தாத்தாவாச்சே!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தப் புத்தகத்துக்காக ஸ்டெஃபி என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். 'மனசு வரல' என்றால் என்ன, மனசு எங்கேயிருந்து வர வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அரை நாள் யோசித்தோம். அதற்காகவே இந்தப் புத்தகத்துக்குக் கும்பிடு போடலாம்.

பிறகு ஒப்பந்தப் படிவம் வந்தது. இந்தக் கதை முழுக்க முழுக்க உங்களுடைய சொந்தப் படைப்பா, ஆம், இல்லை என்று ஒரு கேள்வி. ஸ்டெஃபி பேனாவோடு காத்திருந்தாள். 

"யெஸ் ஆர் நோ, நானா?"

கஸ்தூரி கதையைச் சொன்னேன். மகளிடமும் சொல்லாததைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, வெகு நாளைக்குப் பிறகு தமிழில் பேசினாள்.

"அவங்க போனாங்க. நீ சும்மா நின்னியா?"

"ஆமாம்."

"அப்போ அவங்க நேமும் புக்ல வரணும். போய்க் கேளு."

சின்னப் பிள்ளை சுலபமாகச் சொல்லிவிட்டது. கஸ்தூரி இருக்கிறாளா, இருந்தால் என் முகத்தில் விழிப்பாளா என்று எனக்குத் தெரியாது. அவள் சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் அந்தப் படிவத்தில் நான் கை வைப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். பதிப்பகத்துப் பெண் காத்திருக்கிறேன் என்றார். அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

5

பொங்கல் முடிந்த கையோடு சென்னைக்கு வந்தேன். அசோக் நகரில் செல்வி வீட்டில் தங்கினேன். டீச்சர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது, அவர் வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடிக் கட்டடம். மயிலாப்பூர் குளத்துப் பக்கம் சலங்கையும் நாட்டிய நகையும் விற்கும் கடையில் செல்விதான் எனக்காகக் கேட்டாள். கடைக்காரர், "உசரமா, கண்ணாடி போட்டுக்கினு, எல்லாரையும் கிண்டலா வாரிக்கினு இருப்பாங்களே, அந்த கஸ்தூரி அக்காவா? மேற்கு மாம்பலத்துல மாறுவேஷ டிரெஸ் வாடகைக்கு விடறாங்க" என்றார்.

ரயிலடியிலிருந்து வரும் சந்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை. பள்ளிக்கூட ஆண்டு விழா சமயம். வாலும் றெக்கையும் கேரட்டும் கத்திரிக்காயும் கூரை வரைக்கும் தொங்கின. செல்வி வண்டியை நிறுத்தப் போனாள், நான் மட்டும் உள்ளே போனேன்.

உள்ளேயிருந்து நிமிராமலே குரல் வந்தது. "இன்னா வேணும்மா? புலி மட்டும் கேக்காதீங்க. ரெண்டு புலியும் வெளிய போயிருக்கு, திங்கக்கெழமதான் வரும்."

 "மான்" என்றேன்.

"மானு கீது. கொம்பு ஒண்ணு லூசு, கட்டித் தரேன். கொய்ந்தைக்கு இன்னா வயசு?"

குழப்பத்தில் என் வயதைச் சொல்லிவிட்டேன். "எழுபது."

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். கழுத்தில் தொங்கிய இஞ்சி டேப்பைக் கழற்றிக் கீழே போட்டாள். "அடியேய் லூர்து! உசுரோடதான் கீறியா நீ!" என்று என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினாள். வலித்தது.

ஸ்டூலில் உட்காரவைத்து டீ வரவழைத்தாள். டீயைக் குடிக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு நேரம் ஒரே மூச்சாக நான் யாரிடமும் பேசியதில்லை.

"அன்னைக்கு விழாம போனது நான்தான் கஸ்தூரி. நீ பழியை ஏத்துக்கிட்ட. நான் வாயைத் திறக்கல."

அவள் ஒரு றெக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்தாள். "இத்த சொல்லவா பிளேன் ஏறி வந்த?"

"ஆமா."

"லூசு. நா அம்பே வுடலடி."

"விட்டே. மூணாவது தட்டு கேட்டுச்சே."

"தட்டுனது டீச்சரு. வெரலு என்னுது." கையைக் காதருகே இழுத்துப் பிடித்துக் காட்டினாள்.  "அந்தக் கொய்ந்தை அப்பிடிக் கத்துது, எப்டி வுட்றது சொல்லு? நீ திரும்பறதுக்கு முன்னாடியே வில்லு எறங்கிடிச்சி. உன்னாலதான் எல்லாம் ஆச்சின்னு நெனச்சிகினு கீறியா இத்தினி வருசமா? ஆளப் பாரு, பெரிய மானு!"

"அப்ப டீச்சர்கிட்ட நீ சொன்னது..."

"உண்மையத்தான் சொன்னேன். வுடு. நானும் ஒண்ணும் கெட்டுப் போவல. அங்க இருந்தா இன்னிக்கும் அசுரனாத்தான் நின்னுகினு இருப்பேன். இங்க பாரு, எத்தினி அசுரன் என் கைல கீறான்."

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அழுதேன். அவள், "டீ ஆறுது, குடி" என்றாள்.

அந்த நேரத்தில் ஒரு அம்மா தேனீ வேஷம் போட்ட சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். றெக்கை சரிந்துவிட்டதாம், மாலையில் விழாவாம். கஸ்தூரி தைத்துவிட்டு அந்தக் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்தாள். "மேடைல றெக்கை வுழுந்தா நீ அழக் கூடாது, இன்னா? கடைக்கார ஆயா சரியா தைக்கலன்னு மிஸ்கிட்ட சொல்லிடு. உன் மேல தப்பு இல்ல." குழந்தை தலையை ஆட்டியது. நான் அந்தத் தையலைப் பார்த்தேன். இரட்டைத் தையல், இழுத்தாலும் வராது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் இன்றைக்கும் எனக்காகத்தான் சொல்கிறாளோ?

மேலே கேட்கத் துணிவு வரவில்லை. படிவத்தை எடுத்தேன். "என் பேரா? பொஸ்தகத்துலயா? எனக்கு இன்னாத்துக்கு?" என்று பிகு பண்ணினாள். பிறகு இரண்டு தரம் வெறும் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள். ஒரே ஒரு நிபந்தனை. "வேடனுக்கு மீசைய பெருசா போடச் சொல்லு. டீச்சரு மைல இத்துனூண்டு வரைஞ்சி வுட்டுடுவாங்க. பூனையாட்டம் இருக்கும்."

6

புத்தகத்தின் அட்டையில் இரண்டு பெயரும் இருக்கின்றன. வேடனின் மீசை இரண்டு காதையும் தொடுகிறது. படம் போட்டவர், அந்த இடத்தில் வேடனின் விரல் திறந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா என்று எழுதிக் கேட்டிருந்தார். நான் ஒன்று சொன்னேன், கஸ்தூரி செல்வியின் போனில் வேறொன்று சொன்னாள். அவர் பாவம், வேடனின் வலது கையை ஒரு மரத்துக்குப் பின்னால் மறைத்துவிட்டார். புத்தகம் போய்ச் சேர்ந்ததும் கஸ்தூரி செல்வியிடம், "மீச ஷோக்கா கீது, மத்ததெல்லாம் சுமார்" என்றாளாம். கடையில் வால்களுக்கு நடுவே அதைத் தொங்கவிட்டிருக்கிறாளாம். வாடகைக்கு உண்டா என்று ஒருவர் கேட்டாராம்.

எனக்குக் கிடைத்ததெல்லாம் நினைத்துப் பார்த்தால் அதிகம்தான். பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இந்தத் தேசத்துக் குழந்தைகள் என் கையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கஸ்தூரி கிள்ளின கன்னம் இது. யார் மேலும் எனக்குக் குறை இல்லை. ஆனால் அவள் சொன்னது நிஜமென்றால் நான் அவளிடம் கேட்ட மன்னிப்பு வீண். நிஜமில்லையென்றால் இரண்டாம் தரமும் என் பழியை அவள் தூக்கிக்கொண்டாள், அதற்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. எதற்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எப்படிச் சாவது?

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். மண்டபம் மயிலாப்பூர் என்று நான் சொல்கிறேன், கஸ்தூரி தியாகராய நகர் என்கிறாள். யாராவது சரிபாருங்கள். அன்றைக்குக் கத்திய குழந்தைக்கு இப்போது அறுபது வயதுகூட ஆகியிருக்காது. அது நீங்களாக இருக்கலாம், உங்கள் அக்காவாக இருக்கலாம். மேடையைப் பார்க்க இடது பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு வேடனின் கை நன்றாகத் தெரிந்திருக்கும். மூன்றாவது தட்டில் அந்த விரல்கள் திறந்தனவா, இல்லையா? நினைவிருந்தால் இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், அவர்கள் எனக்கு அனுப்பிவிடுவார்கள். கஸ்தூரி பத்திரிகை படிக்கிறவள் இல்லை. மேற்கு மாம்பலம் பக்கம் போகிறவர்கள் அவளிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள். எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.